எச்.எம்.ஜி.பி.1 புரதம்: ஜெல்லில் பட்டை விழவில்லை, இழுவல் மட்டுமே தெரிகிறது

கேட்பவர்: ஆய்வு மாணவி

வணக்கம். டி.என்.ஏ.வைப் பற்றி வளைக்கும் மனித எச்.எம்.ஜி.பி.1 புரதத்தை முழு நீளத்தில் (215 அமினோ அமிலங்கள்) எ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, நிக்கல் ரெசினில் பிரித்தெடுத்தேன். புரதங்களை அளவுவாரியாகப் பிரிக்கும் எஸ்.டி.எஸ். ஜெல்லில் சுத்தமாகவே இருக்கிறது. ஆனால் டி.என்.ஏ.வுடன் சேர்த்து நகர்வுச் சோதனை (புரதம் பிடித்த டி.என்.ஏ. ஜெல்லில் மெதுவாக நகர்வதைப் பார்ப்பது) செய்தால் தெளிவான பட்டை விழுவதில்லை; கிணற்றிலிருந்து கீழே வரை மங்கலான இழுவல்தான் தெரிகிறது. எஸ்.ஆர்.ஒய். புரதத்திலும் இதைப் போலவே எச்.எம்.ஜி. பாக்ஸ் (டி.என்.ஏ.வைப் பற்றும் பகுதி) இருப்பதால், அது பற்றும் ஏஏசிஏஏடி வரிசையை வைத்து 20 கார இணை நீளமுள்ள இரட்டை இழையைப் பயன்படுத்தினேன். தேவையற்ற பிணைப்புகளை ஈர்த்துக்கொள்ளும் போட்டி டி.என்.ஏ.வாகப் பாலி டி.ஐ.-டி.சி., பஃபரில் 5 மில்லிமோலார் மக்னீசியம் குளோரைடு. புரதம் சரியாக மடியவில்லையோ என்று அஞ்சுகிறேன். வழி சொல்லுங்கள்.

மறுமொழி: குரோமாட்டின் ஆய்வர்

புரதத்தைச் சந்தேகிக்கும் முன் டி.என்.ஏ.வை மாற்றிப் பாருங்கள். எஸ்.ஆர்.ஒய்., எல்.இ.எஃப்.-1 போன்ற புரதங்கள் வரிசையை அடையாளம் காண்பவை. எச்.எம்.ஜி.பி.1 அப்படியன்று. அதற்கு வேண்டியது வடிவம்: ஏற்கெனவே வளைந்த, முறுக்குக் குலைந்த டி.என்.ஏ. அதிலுள்ள ஏ, பி என்ற இரு பாக்ஸ்களில் ஒவ்வொன்றும் மூன்று ஆல்ஃபா சுருள்கள் ஆங்கில 'எல்' எழுத்தைப் போல் அமைந்த, ஏறத்தாழ 80 அமினோ அமிலங்கள் கொண்ட களம். சிறு பள்ளத்தின் வழியாக நுழைந்து, ஒரு பக்கச் சங்கிலியை இரு கார இணைகளுக்கு இடையே செருகி, இழையை வளைத்துவிடும். ஏ பாக்ஸில் அந்த வேலையைச் செய்வது 37ஆம் இடத்து ஃபினைல்அலனைன் (தொடக்க மெத்தியோனைனையும் எண்ணினால் 38).

நேரான இழையில் இந்தப் பிணைப்பு பலவீனமானது. ஜெல் ஓடும்போதே கழன்றுவிடும். நீங்கள் காணும் இழுவல் பெரும்பாலும் அதுதான். நான்கு கரங்கள் ஒரு புள்ளியில் சந்திக்கும் நாற்சந்தி டி.என்.ஏ.வைப் பயன்படுத்துங்கள். எச்.எம்.ஜி.பி.1 அதை வலுவாகப் பற்றும் என்பதை 1989இலேயே பியாங்கி குழுவினர் காட்டிவிட்டார்கள். நான்கு ஒற்றை இழைகளைச் சம அளவில் சூடாக்கி மெதுவாகக் குளிரவிட்டு, ஜெல்லில் சுத்திகரித்துக்கொள்ளுங்கள்.

மக்னீசியத்தைக் கட்டாயம் நீக்குங்கள். அது இருந்தால் சந்தியின் கரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிந்து அடுக்காகிவிடும், எச்.எம்.ஜி. பாக்ஸ் விரும்புவது திறந்த சதுர வடிவத்தை.

மறுமொழி: ஜெல் அறைக்காரர்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பாலி டி.ஐ.-டி.சி.யையும் விட்டுவிடுங்கள். இனோசினில் குவானினுக்குள்ள இரண்டாம் இடத்து அமினோ குழு இல்லை. ஆகவே சிறு பள்ளத்திலிருந்து பார்த்தால் ஐ-சி இணை ஏ-டி இணையாகவே தோன்றும். சிறு பள்ளத்தைப் பிடிக்கும் புரதத்துக்கு அது போட்டியன்று, விருந்து! பாலி டி.ஜி.-டி.சி.யைக் குறைந்த அளவில் சேர்க்கலாம்.

இன்னும் இரண்டு விஷயங்கள். 260/280 விகிதத்தை (260, 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல்; நியூக்ளிக் அமிலம் கலந்திருந்தால் உயரும்) பார்த்தீர்களா? இந்தப் புரதம் பாக்டீரியாவின் நியூக்ளிக் அமிலத்தையும் இழுத்துக்கொண்டு வரும், எஸ்.டி.எஸ். ஜெல் அதைக் காட்டாது. உப்பை உயர்த்திக் கழுவிய பின் ஹெப்பாரின் ரெசினில் ஒருமுறை ஏற்றுங்கள். அடுத்தது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் டி.டி.டி. என்ற வேதிப்பொருள். ஏ பாக்ஸில் (தொடக்க மெத்தியோனைனையும் எண்ணினால்) 23, 45 ஆகிய இடங்களிலுள்ள சிஸ்டைன்கள் ஆக்சிஜனேற்றத்தில் இணைந்துவிட்டால் வளைந்த டி.என்.ஏ.வைப் பற்றும் திறன் குறையும். புதிதாகக் கரைத்த டி.டி.டி.யையே பயன்படுத்துங்கள்.

கேட்பவர்: ஆய்வு மாணவி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹெப்பாரினுக்குப் பிறகு 260/280 நன்றாகக் குறைந்தது. நாற்சந்தியில், மக்னீசியமும் பாலி டி.ஐ.-டி.சி.யும் இல்லாமல், கூர்மையான பட்டை விழுந்துவிட்டது! பழைய நேர் இழையில் இன்னும் இழுவல்தான். புரத அளவைக் கூட்டினால் மேலே இரண்டாவது பட்டையும் வருகிறது. அது புரதத் திரட்சியா?

மறுமொழி: குரோமாட்டின் ஆய்வர்

திரட்சி என்றால் கிணற்றிலேயே தேங்கியிருக்கும். இது அதே சந்தியில் இரண்டாவது மூலக்கூறு அமர்வதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பிணைப்பு வலுவைக் கணக்கிட, முதல் பட்டை மட்டும் தெரியும் செறிவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் வால் நீக்கிய புரதத்தையும் பக்கத்திலேயே ஓட்டுங்கள். முனையிலுள்ள 30 எச்சங்களும் அஸ்பார்ட்டேட், குளூட்டமேட் மட்டுமே. அந்த எதிர்மின் வால் மடங்கிப் பாக்ஸ்களைத் தொட்டு, டி.என்.ஏ.வுக்கான இடத்தை மறைக்கிறது. வாலை எடுத்தால் நேர் இழையிலும் பிணைப்பு கூடும். எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு, ஏ பாக்ஸை மட்டும் தனியாக எடுத்து, அந்த ஃபினைல்அலனைனை அலனைனாக மாற்றுங்கள். முழுப் புரதத்தில் மாற்றினால் பி பாக்ஸ் பற்றிக்கொண்டு உங்களைக் குழப்பும்.