ஆர்எக்ஸ் 135 மூணாவது தடவை சீஸ், ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிடலாமா? (அவசரம்)

கேத்தி135 | வியாழன் இரவு 11:42
வணக்கம். ரொம்ப அவசரம். வண்டி யமஹா ஆர்எக்ஸ் 135, டூ ஸ்ட்ரோக், மண் ரேஸுக்குன்னே பண்ணது. ரெண்டு மாசத்துல மூணு தடவை சீஸ் ஆயிடுச்சு, பிஸ்டன் சிலிண்டர்லயே பிடிச்சுக்கிச்சு. ஒவ்வொரு தடவையும் சிலிண்டரைக் குடைஞ்சு போர் பண்ண, பிஸ்டன், ரிங்னு காசு தண்ணியா போகுது. இப்போ 0.75 மி.மீ. ஓவர்சைஸ் (பெரிய) பிஸ்டன் போடணும், அதுக்கப்புறம் இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் பாக்கின்னு லேத்துக்காரர் சொல்லிட்டார். வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு ரேஸ். பசங்க எல்லாம் "டூ ஸ்ட்ரோக் தாங்காதுடா, வித்துட்டு ஃபோர் ஸ்ட்ரோக் எக்ஸ்பல்ஸ் எடு"ங்கறாங்க. ஃபோர் ஸ்ட்ரோக் நிஜமாவே அதிகம் உழைக்குமா? என் வண்டில எல்லாம் சரியாத்தான் பண்ணிருக்கேன்.

மேட்டுப்பாளையத்தான் | வியாழன் இரவு 11:58
எல்லாம் சரியா இருந்தா எதுக்கு தம்பி சீஸ் ஆகுது? ஆயில் பம்பா, பெட்ரோல்ல கையால கலக்கறீங்களா? எவ்வளவு? கார்பரேட்டர்ல பெட்ரோல் போற துளை, அந்த ஜெட் என்ன நம்பர்? எந்த இடத்துல நின்னுச்சு, ஃபுல்லா முறுக்கறப்பவா இறக்கத்துலயா?

வெள்ளைப்புகை | வெள்ளி காலை 6:20
கிராங்க் சீல். கண்ணை மூடிட்டுச் சொல்வேன். மேக்னட் பக்கத்து சீல் போச்சுன்னா கிராங்க்கேஸ் (பிஸ்டனுக்குக் கீழ இருக்கற அறை) வெளிக்காத்தை இழுக்கும், கலவை லீன் ஆகும், அதாவது காத்து அதிகம் பெட்ரோல் கம்மி, பிஸ்டன் சூடேறிப் பிடிச்சுக்கும். கிளட்ச் பக்கத்து சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப்புகை தள்ளும். என் பேரே அப்படி வந்ததுதான். ஐடில் ஏறி இறங்குதா? த்ராட்டில விட்டப்புறம் ஆர்பிஎம் உடனே இறங்காம தொங்குதா?

ஸ்பேனர்சாமி (மூத்த உறுப்பினர்) | வெள்ளி காலை 7:05
இதே கேள்விக்கு இங்கே எத்தனை முறை பதில் எழுதியிருக்கிறேன் என்பதை எண்ணக்கூட அலுப்பாக இருக்கிறது. தேடல் பெட்டி என்று மேலே ஒன்று உண்டு, அழகுக்காக வைத்ததல்ல. காரணம் ஆயில் குறைவு. தரமான டூ-டி (டூ ஸ்ட்ரோக்) ஆயிலை லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி, அதாவது 1:40, அளந்து ஊற்றவும். முடிந்தது.

பனிமூட்டம் | வெள்ளி காலை 7:31
ப்ரோ நீங்க கேத்தியா? காலைல குளிர்ல ஸ்டார்ட் பண்ணி சூடேறாமயே முறுக்கிருப்பீங்க. பிஸ்டன் சீக்கிரம் விரியும், லைனர் (சிலிண்டர் உள்சுவர்) மெதுவாத்தான் விரியும். எனக்கு லவ்டேல் கிட்ட அப்படித்தான் பிடிச்சுச்சு. ரெண்டு நிமிஷம் உறுமவிட்டுட்டு அப்புறம் கிளம்புங்க.

கேத்தி135 | வெள்ளி மதியம் 1:10
கைல கலக்கறதுதான், பம்பை எப்பவோ கழட்டியாச்சு. லிட்டருக்கு ஒரு மூடி ஆயில். ஐடில் நல்லாத்தான் இருக்கு. ஜெட் மெக்கானிக் மாத்தினார், நம்பர் தெரியாது. சூடு பண்ணித்தான் ஓட்டுவேன். எக்ஸ்பல்ஸ் பத்தி யாரும் சொல்லவே இல்லையே?

மேட்டுப்பாளையத்தான் | வெள்ளி மதியம் 1:14
மூடின்னா எந்த பாட்டில் மூடி தம்பி?

வெள்ளைப்புகை | வெள்ளி மதியம் 1:15
அதானே. தண்ணி பாட்டில் மூடி வேற, ஆயில் டப்பா மூடி வேற. ஒண்ணு அஞ்சு மில்லிதான் இருக்கும்.

டக்கார்கிறுக்கன் | வெள்ளி மாலை 5:40
தலைப்புக்கு நான் பதில் சொல்றேன். 1979ல முதல் டக்கார் பாலைவன ராலியில பைக் பிரிவுல ஜெயிச்சது யமஹா எக்ஸ்டி 500, ஃபோர் ஸ்ட்ரோக். அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் எல்லாமே ஃபோர் ஸ்ட்ரோக்தான். நம்ம நாட்டு சி.எஸ்.சந்தோஷ் 2015ல டக்காரை முடிச்சது கேடிஎம் 450. 2024ல இன்னொரு நம்ம ஆள் ஹரித் நோவா அங்க ராலி 2 பிரிவை ஜெயிச்சது ஷெர்கோ டிவிஎஸ், அதுவும் 450. வாரக்கணக்குல மணல்ல தாங்கறது எதுன்னு இதுக்கு மேல என்ன சொல்ல. வித்துடுங்க ப்ரோ.

ரிங்டிங் | வெள்ளி மாலை 6:02
டக்காரையும் உள்ளூர் மண் ட்ராக்கையும் ஒண்ணா வெச்சுப் பேசறது மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் பந்தயம் வெச்ச கதை. அங்க தேவை பெட்ரோல் சிக்கனம், நாள் முழுக்க ஒரே சீரான ஓட்டம். மோட்டோகிராஸ்ல (மண் ட்ராக் ரேஸ்) 90கள் வரைக்கும் டூ ஸ்ட்ரோக் ராஜ்யம்தான். 97ல டக் ஹென்றி யமஹாவோட 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் முன்மாதிரில லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸ் ஜெயிச்சார், 98ல அமெரிக்க அவுட்டோர் மோட்டோகிராஸ் பட்டமும் எடுத்தார். அப்புறம்தான் காத்து திரும்புச்சு. ஆனா 250 டூ ஸ்ட்ரோக்குக்கு எதிரா 400, அப்புறம் 450ஐ நிறுத்தினா எந்த ஊர் நியாயம்? அது தாங்கி ஜெயிக்கல, சிசில ஜெயிச்சுது. பாறையும் செங்குத்து ஏத்தமுமா இருக்கற ஹார்ட் என்டியூரோ பாருங்க, பெரும்பாலும் 300 டூ ஸ்ட்ரோக்.

டக்கார்கிறுக்கன் | வெள்ளி மாலை 6:09
ஹோண்டா ஏன் 2007 மாடலோட சிஆர் டூ ஸ்ட்ரோக்கை நிறுத்துச்சு? அவங்களுக்குத் தெரியாததா?

ரிங்டிங் | வெள்ளி மாலை 6:11
யமஹா ஏன் டூ ஸ்ட்ரோக் ஒய்இசட் 125ஐயும் 250ஐயும் இன்னும் விக்குது? அவங்களுக்குத் தெரியாததா?

ஸ்பேனர்சாமி (மூத்த உறுப்பினர்) | வெள்ளி மாலை 6:30
இருவரும் அடிப்படை தெரியாமல் பேசுகிறீர்கள். டூ ஸ்ட்ரோக் ஒவ்வொரு சுற்றிலும் எரிகிறது, ஃபோர் ஸ்ட்ரோக் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை. ஆகவே தேய்மானம் சரியாகப் பாதி. பள்ளிப் பாடம்.

போரிங்பட்டறை | வெள்ளி இரவு 9:15
பாதின்னு பள்ளிக்கூடத்துல வேணா சொல்லலாம் சாமி. என் பெஞ்சுல ரெண்டும் வந்து படுக்கும், அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ரேஸுக்குன்னே வர்ற 250 ஃபோர் ஸ்ட்ரோக் 13,000 ஆர்பிஎம் வரைக்கும் போகும். டூ ஸ்ட்ரோக் 250 எட்டு ஒம்போதாயிரத்துலயே வேலையை முடிச்சுடும். அந்த ஃபோர் ஸ்ட்ரோக்ல டைட்டானியம் வால்வ், உள்ள இருக்கற ஆயிலும் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். தூசி கொஞ்சம் உள்ள போச்சுன்னா இன்டேக் வால்வ் சீட்டுக்குள்ள அமுங்கும், டாப்பெட் கேப் (வால்வுக்கு விடற இடைவெளி) குறைஞ்சுக்கிட்டே வரும். மொத அடையாளம், சூடா இருக்கறப்போ கிக் அடிச்சா ஸ்டார்ட் ஆகாது. பசங்க அதைக் கண்டுக்காம தள்ளி ஸ்டார்ட் பண்ணி ஓட்டுவாங்க. ஒருநாள் வால்வ் தலை ஒடிஞ்சு விழும். பிஸ்டன், ஹெட், சில சமயம் ராடு, எல்லாம் ஒரே மூட்டையா எங்கிட்ட வரும். அந்த பில்லைப் பாத்துட்டு அழுத ஆளை எனக்குத் தெரியும்.

டூ ஸ்ட்ரோக் சீக்கிரம் தேயும், ஒத்துக்கறேன். ஆனா தேய்ஞ்சா ஒரு பிஸ்டன், ரிங், காஸ்கெட். மதியம் சாப்பாட்டுக்கு முன்ன பிரிச்சா டீ நேரத்துல மாட்டிடலாம். ரேஸ் வண்டில கிலோமீட்டர் பாக்க மாட்டாங்க, மணிக்கணக்குதான். எந்த ஸ்ட்ரோக்கா இருந்தாலும் அத்தனை மணிக்கொரு பிஸ்டன்னு கம்பெனியே கையேட்டுல போட்டிருப்பான்.

எக்ஸ்பல்ஸ் இந்தக் கணக்குலயே வராது. 200 சிசில 19 குதிரைக்குப் பக்கத்துல எடுக்கற சாதுவான என்ஜின், அதனால வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா எடை நூத்தி அறுபது கிலோவுக்குப் பக்கம். ஆர்எக்ஸ் நூறு சொச்சம். குதிச்சு இறங்கறப்போ அந்த வித்தியாசம் மணிக்கட்டுக்குத் தெரியும்.

கேத்தி தம்பி, விக்கறது இருக்கட்டும். கழட்டின பிஸ்டனைத் தூக்கிப் போட்டுடாதீங்க. நாலு பக்கமும் போட்டோ எடுத்துப் போடுங்க. பிளக்கையும்.

எத்தனால்எதிரி | வெள்ளி இரவு 10:02
யாருமே முக்கியமானதைச் சொல்லல. எத்தனால் பெட்ரோல்! இருபது சதவீதம். லீனா எரியும், மலைப் பனில ஈரத்தையும் இழுக்கும். பழைய கார்பரேட்டர் வண்டிக்கு விஷம்.

போரிங்பட்டறை | வெள்ளி இரவு 10:10
லீன் ஆகும்ங்கறது உண்மைதான், இல்லேங்கல. ஆனா மூணு தடவையும் இதே வண்டிதானே பிடிச்சுது? பக்கத்து வீட்டு ஆர்எக்ஸும் அதே பங்க்லதான் குடிக்குது.

கேத்தி135 | சனி மதியம் 12:25
போட்டோ போட்டிருக்கேன். மூணு பிஸ்டனும் இருந்துச்சு. அது அஞ்சு மில்லி மூடி இல்லை, ஆயில் டப்பாவோட அளவு மூடி, அளந்து பாத்தேன் 25 வருது.

மேட்டுப்பாளையத்தான் | சனி மதியம் 12:40
அப்போ ஆயில் கணக்கு சரியாத்தான் இருக்கு சாமி.

போரிங்பட்டறை | சனி மதியம் 1:05
ரெண்டாவது, மூணாவது பிஸ்டனைப் பாருங்க. கீறல் எல்லாம் எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும். ரிங் பள்ளத்துல இருந்து பாவாடை (பிஸ்டனோட அடிப்பக்கம்) வரைக்கும் அலுமினியம் இழுத்து அப்பியிருக்கு. குளிர்ல பிடிச்சிருந்தா நாலு மூலைலயும் நாலு பட்டையா இருக்கும், ஒரு பக்கம் மட்டும் வராது. பிளக் பீங்கான் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கு. சூட்டுல போன பிஸ்டன்தான், கலவை லீன். மொத பிஸ்டன் கதை வேற. கீறல் இன்டேக் பக்கம்தான் அதிகம், அது ஆயில் பட்டினி. எங்கெங்க நின்னுச்சுன்னு இப்பவாவது சொல்லுங்க தம்பி.

கேத்தி135 | சனி மாலை 4:48
மொத தடவை ரேஸுக்குப் போறப்போ பர்லியார் தாண்டி. ரெண்டாவது மூணாவது கோயம்புத்தூர் பக்கம் ட்ராக்ல, நீளமான ஸ்ட்ரெய்ட்ல. மேல எங்க ஊர்ல ஓட்டறப்போ ஒரு தடவைகூட ஆகல, அதனாலதான் அதைச் சொல்லல. ஊட்டில புகை தள்ளி பிளக் கருப்பாச்சுன்னு மெக்கானிக் ஜெட்டைச் சின்னது பண்ணினார். அதுக்கப்புறம் ஏத்தத்துல செமயா இழுக்குது.

மேட்டுப்பாளையத்தான் | சனி மாலை 4:52
அட ராமா! இதை மொதல்லயே சொல்லக் கூடாதா!

ஊட்டி 2240 மீட்டர், கோவை நானூறு சொச்சம். மேல காத்து கோவையை விட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. காத்து கம்மின்னா பெட்ரோல் மிஞ்சும், புகை வரும், அங்க சின்ன ஜெட் சரி. அதே ஜெட்டோட கீழ வந்து ஸ்ட்ரெய்ட்ல ஃபுல்லா முறுக்கினா? காத்து முழுசா வருது, பெட்ரோல் மலைக்கணக்குல வருது. பிஸ்டன் வெந்துதான் போகும். உங்க மெக்கானிக் மேல தப்பே இல்லை, அவர் ஊட்டிக்குப் பண்ணினார்.

போரிங்பட்டறை | சனி மாலை 5:20
அதேதான். மொத தடவை, தம்பி வண்டியை ஓட்டிட்டே கீழ வந்திருக்கார். கைல கலக்கற வண்டில ஆயில் தனியா வராது, பெட்ரோலோடதான் வரும். குன்னூர் மலைப்பாதைல செகண்ட் கியர் போட்டு த்ராட்டில மூடிக்கிட்டு இறங்கினா என்ஜின் கத்திக்கிட்டே இருக்கும், ஆனா உள்ள ஆயில் சொட்டு சொட்டாத்தான் போகும். அந்தக் காலத்து யெஸ்டி (அதுவும் டூ ஸ்ட்ரோக் பைக்) ஆளுங்க ரெண்டு வளைவுக்கு ஒரு தடவை கிளட்ச்சைப் பிடிச்சு ஒரு முறுக்கு முறுக்குவாங்க. ஸ்டைலுக்குன்னு நினைச்சுட்டு இருந்தோம். ஸ்வீடன் சாப் கம்பெனி டூ ஸ்ட்ரோக் கார் விட்டப்போ இதுக்குன்னே ஃப்ரீவீல் வெச்சு அனுப்பினான், த்ராட்டில விட்டா சக்கரம் என்ஜினை இழுக்காது.

இப்போ பண்ண வேண்டியது. ட்ராக்குக்குப் போனதும் கம்பெனி ஜெட்டுல இருந்து ஆரம்பிங்க, சந்தேகமா இருந்தா ஒரு நம்பர் பெருசு. ஸ்ட்ரெய்ட்ல ஃபுல்லா ஓட்டி, த்ராட்டில விடாம கில் சுவிட்ச் அடிச்சு கிளட்ச் பிடிச்சு நிறுத்துங்க. பிளக்கைக் கழட்டிப் பாருங்க. வறுத்த காபிக்கொட்டை கலர் வரணும். போரை இப்போதைக்குத் தொடாதீங்க. லைனர்ல அப்பின அலுமினியத்தை ஆசிட் தொட்டு எடுத்துட்டு அளந்து பாக்கச் சொல்லுங்க, ஒருவேளை ஹோனிங்லயே (லேசா தேய்க்கறதுலயே) தப்பிச்சுடும். ஆசிட்டை லேத்துக்காரரே வைக்கட்டும், நீங்க வைக்காதீங்க. இரும்பையும் தின்னுடும்.

பனிமூட்டம் | சனி மாலை 5:41
நீலகிரில உக்காந்துக்கிட்டு காபிக்கொட்டை கலரா? டீத்தூள் கலர்னு சொல்லுங்க அண்ணா.

போரிங்பட்டறை | சனி மாலை 5:44
டீத்தூள் கருப்பு தம்பி. அது ரிச், பெட்ரோல் அதிகம்.

சோலைக்குருவி | ஞாயிறு காலை 8:12
எந்த ஸ்ட்ரோக்கா வேணா இருக்கட்டும். ஞாயித்துக்கிழமையானா எமரால்டு ரோட்ல ரிங் ரிங்னு கத்திக்கிட்டு, புல்வெளில டயரைத் தேய்ச்சுட்டுப் போறவங்களை யாராவது கேளுங்க. அங்க கீறினா ஓவர்சைஸ் பிஸ்டன் கிடையாது.

ரிங்டிங் | ஞாயிறு காலை 8:30
அதுக்கும் இழைக்கும் என்னங்க சம்பந்தம்? அவர் ட்ராக்லதானே ஓட்டறார்.

சோலைக்குருவி | ஞாயிறு காலை 8:33
ப்ராக்டீஸ் எங்க பண்றார்னு கேட்டீங்களா?

டக்கார்கிறுக்கன் | ஞாயிறு காலை 9:02
ஃபோர் ஸ்ட்ரோக்னா இவ்வளவு சத்தம் வராது.

ரிங்டிங் | ஞாயிறு காலை 9:03
சைலன்சர் கழட்டின 450 பக்கத்துல நின்னு பாத்திருக்கீங்களா?

வெள்ளைப்புகை | ஞாயிறு காலை 11:15
சீலையும் ஒரு தடவை பாத்துடுங்க. சொல்லிட்டேன்.

மேட்டுப்பாளையத்தான் | திங்கள் இரவு 8:20
தம்பி, என்ன ஆச்சு? ஜெட் கிடைச்சுதா?

மேட்டுப்பாளையத்தான் | வியாழன் இரவு 9:10
ஆளைக் காணோமே.

கேத்தி135 | பதினெட்டு நாள் கழித்து, புதன் இரவு 10:30
சாரி, வேலை ஜாஸ்தி. பெரிய ஜெட் போட்டு, வண்டியைப் பிக்கப்ல ஏத்திட்டுப் போனேன். சீஸ் ஆகல. ஹோனிங்லயே முடிஞ்சுது, போர் பண்ணல. ரெண்டாவது ஹீட்ல செயின் அறுந்துருச்சு, அது வேற கதை. எல்லாருக்கும் தேங்க்ஸ்.

ஸ்பேனர்சாமி (மூத்த உறுப்பினர்) | வியாழன் காலை 6:50
தொடக்கத்திலேயே நான் சுட்டிக்காட்டியது போல, கலவைதான் பிரச்சினை.

மேட்டுப்பாளையத்தான் | வியாழன் காலை 7:02
நீங்க சுட்டினது ஆயில் சாமி.

கொடைக்கானல்98 | ஐந்து மாதம் கழித்து, ஞாயிறு மதியம் 2:17
பழைய இழையைக் கிளப்பறதுக்கு மன்னிக்கணும். என்கிட்டயும் இதே வண்டி, இதே கதை. பெருமாள்மலைல கில்லி, வத்தலக்குண்டு இறங்கினா பிடிச்சுக்குது. கேத்தி அண்ணா, கடைசியா எத்தனாம் நம்பர் ஜெட் போட்டீங்க?