பட்டம் முடித்தபின் வெளிநாட்டில் மருத்துவம்: வழிகாட்ட முடியுமா?

அனைவருக்கும் வணக்கம். உயிர்வேதியியல் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் பட்டதாரிகளுக்கான நான்காண்டு மருத்துவப் படிப்புக்குச் சர்வதேச மாணவராக விண்ணப்பிக்க விரும்புகிறேன். இந்த வழியில் போனவர்கள் கைகொடுக்க வேண்டும்.

முதல் குழப்பம் நுழைவுத்தேர்வு. பல பல்கலைக்கழகங்கள் சர்வதேச மாணவர்களிடம் காம்சாட் (GAMSAT, பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத்தேர்வு), எம்கேட் (MCAT, அமெரிக்க மருத்துவ நுழைவுத்தேர்வு) இரண்டில் ஒன்றை ஏற்கின்றன. எம்கேட் முழுவதும் கொள்குறி வினாக்கள். மதிப்பெண் 472 முதல் 528 வரை. காம்சாட்டிலோ 65 நிமிடங்களில் இரண்டு கட்டுரைகளும் எழுத வேண்டும். ஒரு கருத்தை ஒட்டிய சில மேற்கோள்களைக் கொடுத்து, அவற்றிலிருந்து எழுதச் சொல்கிறார்கள். அறிவியல் பகுதியைச் சமாளித்துவிடுவேன். கட்டுரையில்தான் திணறுகிறேன்: முதலாவதிலேயே நேரம் கரைந்து, இரண்டாவது பாதியில் நின்றுவிடுகிறது. எப்படிப் பயிற்சி எடுத்தீர்கள்? அல்லது எம்கேட் பக்கம் போவதுதான் நல்லதா?

நேர்காணலைப் பற்றியும் சொல்லுங்கள். சில நிமிடங்களுக்கு ஒருவராக அடுத்தடுத்துப் பலரைச் சந்திக்கும் அந்த முறைக்குத் தனியாகத் தயாராக முடியுமா?

இவற்றைவிடப் பெரிய கவலை படித்து முடித்தபின் வருவது. பயிற்சி மருத்துவர் இடங்களில் உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கே முன்னுரிமை. அந்த ஓராண்டுப் பயிற்சி இல்லாமல் அங்கே மருத்துவராக முழுப் பதிவு கிடையாது. நான் பேசிய முகவர்கள் கட்டணத்தையும் விசாவையும் விளக்கினார்களே தவிர, இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. குடும்பமே கடன் சுமக்கப்போகும் முடிவில் இதை மறைப்பது பெரிய அநியாயம். அங்கே படித்த சர்வதேச மாணவர்களே, எந்த மாநிலத்தில் பயிற்சி இடம் கிடைத்தது, எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள்.