பேரல் கிளிசரினுக்குத் தங்கம் கட்டுப்படியாகுமா?

தரமணி மதி:
போன வாரம் சென்னைக்கு வடக்கே ஒரு பயோடீசல் ஆலைக்குப் போயிருந்தேன். ஹோட்டல்களில் வடை, பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய்தான் அங்கே சரக்கு. பத்து டன் பயோடீசல் எடுத்தால் ஏறக்குறைய ஒரு டன் கிளிசரின் அடியில் தங்குகிறது. அதைப் பாய்லரில் ஊற்றி எரிக்கிறார்கள். எரிப்பதற்குப் பதில் அதை வேறு பொருளாக மாற்றலாமே என்று, பார்த்துவிட்டு வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

கிளிசரினில் மூன்று கார்பன், ஒவ்வொன்றிலும் ஒரு ஓஹெச் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஜோடி). ஓரத்தில் உள்ளதை மட்டும் ஆக்சிஜனேற்றினால் கிளிசரிக் அமிலம். இரண்டு ஓரத்தையும் ஏற்றினால் டார்ட்ரானிக் அமிலம். நடுவில் உள்ளதை ஏற்றினால் டைஹைட்ராக்ஸி அசிட்டோன், வெயில் படாமலே தோலை மாநிறமாக்கும் கிரீம்களில் போடுவது. வேண்டியதை மட்டும் தொட வைப்பதுதான் கஷ்டம். வினையூக்கியாக, அதாவது தான் செலவாகாமல் வினையை ஓட்டும் பொருளாக, பிளாட்டினத்தையோ பல்லேடியத்தையோ தனியாகப் போட்டால் கார்பன் சங்கிலியையே உடைத்துக் கலவையாக்கிவிடும். 2002இல் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் வேதியியலாளர் கிரஹாம் ஹட்சிங்ஸின் குழு, வினையூக்கியாகக் கரியில் 1% தங்கம் ஏற்றி, காஸ்டிக் சோடா கரைசலில், 60 டிகிரியில் செய்து பார்த்தது. விளைந்தது கிளிசரிக் அமிலம் மட்டுமே. இதை நம் ஊரில் ஏன் செய்யக்கூடாது?

அம்பத்தூர் கெமிஸ்ட்:
மதி, அந்தச் சோதனையில் கிளிசரின் பாதிக்குச் சற்று மேல்தான் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருபது வருஷமாக சோப்பிலும் பயோடீசலிலும் இருக்கிறேன். எல்லோரும் தங்கத்தின் விலையைப் பேசுவார்கள். நான் அதை விட்டுவிடுகிறேன், காஸ்டிக் கணக்கைப் பாருங்கள்.

92 கிலோ கிளிசரினுக்குக் குறைந்தது 40 கிலோ காஸ்டிக். லேபில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு கூடப் போடுகிறீர்கள். கடைசியில் கிடைப்பது அமிலம் இல்லை, அதன் சோடியம் உப்பு. அமிலமாக்க இன்னும் 49 கிலோ கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். ஆக, முழுசாக மாறினால்கூட 106 கிலோ சரக்கோடு 71 கிலோ சோடியம் சல்பேட் வந்து உட்காரும். அந்த உப்புத் தண்ணீரை எங்கே விடுவது? எங்கள் ஆலையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகக்கூடாது. கொதிக்கவைத்து வற்ற விட்டால் எரிபொருள் செலவு லாபத்தை விழுங்கிவிடும்.

பட்டறைப் பையன்:
சௌகார்பேட்டையில் அப்பாவுக்குப் பட்டறை இருந்தது, தங்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1% என்றால் ஒரு கிலோ கரியில் 10 கிராம், அதாவது ஒன்றேகால் சவரன். அது தொலைந்து போகாது. பட்டறைக் குப்பையைக் கூட்டி எரித்து, சாம்பலை ராஜ திராவகத்தில் (தங்கத்தையும் கரைக்கும் அமிலக் கலவை) கரைத்து, பொடியாக இறக்கி எடுப்போம். கரி எரியும், தங்கம் நிற்கும்.

அம்பத்தூர் கெமிஸ்ட்:
தங்கம் திரும்பி வரும், தம்பி. ஆனால் சில நானோமீட்டர் (மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுள்ள துகள்தான் வேலை செய்யும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிட்டால் கரியில் இருப்பது வெறும் தங்கம். மறுபடி கரைத்து மறுபடி ஏற்ற வேண்டும். நகைக்கடையில் போலவே இங்கேயும் செய்கூலி, சேதாரம் உண்டு.

தரமணி மதி:
சார், செய்கூலியை நான் தினமும் கொடுக்கிறேன்! இளமஞ்சள் தங்கக் கரைசலில் துகள்கள் ஒட்டாமலிருக்கப் பாலிவினைல் ஆல்கஹால் போட்டு, கரைந்த தங்கத்தைத் துகளாக்கும் சோடியம் போரோஹைட்ரைடை ஊற்றின நொடியில் பீக்கர் முழுக்க மாதுளைச் சாறு நிறமாகிவிடும். கரியைத் தூவிக் கலக்கிக்கொண்டே இருந்தால் அந்தச் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்துவிடும். தங்கம் அத்தனையும் கரியில் ஏறிவிட்டது என்று அதைப் பார்த்தே தெரிந்துகொள்வோம்.

காஸ்டிக் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அமிலத்தில் சேரும் ஆக்சிஜன் நாம் ஊதும் ஆக்சிஜனிலிருந்து வருவதில்லை, தண்ணீரிலிருந்தும் ஹைட்ராக்சைடிலிருந்தும் வருகிறது என்று 2010இல் ஐசோடோப்பு (எடை மட்டும் வேறான ஆக்சிஜன் அணு) வைத்துக் காட்டினார்கள். ஊதுகிற ஆக்சிஜன் எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்ளத்தான். அதனால் வெறும் தங்கம் காஸ்டிக் மாதிரி ஒரு காரம் இல்லாமல் நகராது. ஆனால் பிளாட்டினத்தைக் கூடச் சேர்த்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடில் ஏற்றினால் காஸ்டிக் ஊற்றாமலே நடக்கிறது. அது 2011இலேயே வந்துவிட்டது.

அம்பத்தூர் கெமிஸ்ட்:
விளைவது அமிலம். அந்த மெக்னீசியத்தை அதே அமிலம் கரைக்காதா?

தரமணி மதி:
கொஞ்சம் கரைக்கும். துகள்களை ஏற்றி வைக்க, அமிலத்தில் கரையாத தாங்கியைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறோம்.

நுண்ணுயிரி:
டைஹைட்ராக்ஸி அசிட்டோன்தான் வேண்டுமென்றால் குளுக்கோனோபாக்டர் பாக்டீரியா போதும். தொழிற்சாலைகளில் அதை வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். தங்கமும் வேண்டாம், அழுத்தக் கலனும் வேண்டாம்.

தரமணி மதி:
அந்த ஒரு பொருளுக்கு அதுதான் நல்ல வழி. அதில் உங்களோடு சண்டையே இல்லை.

அம்பத்தூர் கெமிஸ்ட்:
இன்னொன்று யாரும் பேசவில்லை. நீங்கள் லேபில் போடுவது 99 சதவீதத்துக்கு மேல் சுத்தமான கிளிசரின். எங்கள் பேரலில் இருப்பது காபி டிகாக்‌ஷன் மாதிரி கருப்பு. மெத்தனால், சோப்பு, உப்பு எல்லாம் அதிலேயே. ஹைட்ரோகுளோரிக் ஊற்றிச் சமன் செய்வதால் குளோரைடு வேறு. குளோரைடு பட்டால் உங்கள் துகள்கள் என்ன ஆகும்? சுத்தம் செய்ய வேக்குவத்தில் வடிக்க வேண்டும், ஏனென்றால் சாதாரண அழுத்தத்தில் அது 290 டிகிரியில்தான் கொதிக்கும். அவ்வளவு செலவழித்து வடித்துவிட்டால் மருந்துக் கம்பெனியே வாங்கிக்கொள்ளும். அப்புறம் உங்களிடம் ஏன் வர வேண்டும்?

தரமணி மதி:
துகள் பெருத்துவிடும் சார், வேகம் விழும். அதனால்தான் கேட்கிறேன். ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் பாஸ்பாரிக் ஊற்றிச் சமன் செய்ய முடியுமா? குளோரைடு வராது. வடிக்காமல், வடிகட்டி மட்டும் போட்டுப் பார்க்கிறேன்.

அம்பத்தூர் கெமிஸ்ட்:
பாஸ்பாரிக் விலை அதிகம். ஒரு பேட்ச் மட்டும் செய்து பார்க்கலாம். வியாழக்கிழமை வாருங்கள், ஐந்து லிட்டர் கேன் இரண்டு தருகிறேன், ஒன்று பாஸ்பாரிக், ஒன்று வழக்கமானது. இரண்டிலும் ஓட்டுங்கள். அதே கரியைக் கழுவி ஐந்தாம் தடவை போடும்போது எவ்வளவு கிளிசரின் மாறுகிறது என்று இங்கேயே எழுதுங்கள். முதல் தடவைக் கணக்கு எனக்கு வேண்டாம்.