உதவி தேவை: புவிண்டி காட்டில் அனுமதிச் சீட்டு ஒரு பக்கம், விடுதி மறு பக்கம்

மலைக்கோட்டைவாசி:
வணக்கம். உகாண்டாவின் தென்மேற்கு மூலையில் உள்ள புவிண்டி தேசியப் பூங்காவில் மலைக் கொரில்லாக்களைப் பார்ப்பதற்காக, வரும் மே மாதம் நானும் என் மனைவியும் 62 வயதான என் தாயாரும் திருச்சியிலிருந்து புறப்படுகிறோம். பள்ளி ஆசிரியர்களான எங்கள் இருவருக்கும் கோடை விடுமுறையை விட்டால் வேறு காலம் கிடையாது. ஒரு பயண முகவர் வழியாக, தலைக்கு 800 டாலர் வீதம், மே 14ஆம் தேதிக்கு மூன்று அனுமதிச் சீட்டுகளை வாங்கிவிட்டோம். விடுதியில் மட்டும் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று எண்ணி, புஹோமா என்ற ஊரில் மூன்று இரவுகளுக்கு நானே இணையத்தில் முன்பதிவு செய்தேன். நேற்று சீட்டுகளை நிதானமாகப் படித்தபோதுதான் அவற்றில் ருஷாகா என்று அச்சிட்டிருப்பது கண்ணில் பட்டது. முகவரிடம் கேட்டதற்கு, இரண்டும் ஒரே காடுதான், காலையில் வண்டியில் போய்விடலாம் என்கிறார். வரைபடத்திலும் இரண்டு ஊர்களும் அருகருகேதான் தெரிகின்றன. அவர் சொல்வதை நம்பலாமா? மே மாதம் அங்கே மழைக்காலம் என்றும் கேள்விப்பட்டேன். அதனால் பயணத்தையே தள்ளிப்போட வேண்டியிருக்குமா?

ஏரிக்கரை:
இரண்டும் ஒரே பூங்காதான் என்பதால், நேராகப் புஹோமா அலுவலகத்துக்குப் போய்ச் சீட்டைக் காட்டினால் அங்கேயே ஏதாவது ஒரு குழுவில் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். கவலைப்பட வேண்டாம்.

கம்பாலாவில் ஆறாண்டு:
ஏரிக்கரை அவர்கள் நல்லெண்ணத்தில் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்த யோசனையை நம்பிப் போனால் மூன்று சீட்டுகளுக்கான 2,400 டாலரும் வீணாகக்கூடும். கொரில்லாச் சீட்டு பூங்கா முழுமைக்கும் பொதுவானதன்று. புவிண்டியில் வடமேற்கே புஹோமா, கிழக்கே ருஹிஜா, தென்கிழக்கே ருஷாகா, தென்மேற்கே ந்குரிங்கோ என நான்கு புறப்பாட்டு இடங்கள் உண்டு. மனிதர்களுக்குப் பழக்கப்படுத்தப்பட்ட கொரில்லாக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இவற்றுள் ஏதேனும் ஓரிடத்தைச் சேர்ந்தவை. ஒரு குடும்பத்தைக் காண ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் அனுமதி இல்லை. உங்கள் பெயர் ருஷாகாவின் அன்றைய கணக்கில் இருக்கிறது. புஹோமாவில் உங்களுக்கென்று காலியிடம் காத்திருக்காது.

வரைபடத்தை நம்பாதீர்கள். பூங்காவின் பரப்பு சுமார் 330 சதுர கிலோமீட்டர்தான், பறவையாகப் பறந்தால் சிறிது நேரத்தில் கடந்துவிடலாம். ஆனால் அது மடிப்பு மடிப்பாக எழுந்து, 1,160 மீட்டரிலிருந்து 2,600 மீட்டர் வரை உயரும் மலைக்காடு. பூங்காவின் ஆங்கிலப் பெயரிலேயே ‘ஊடுருவ இயலாத’ என்ற அடைமொழி சும்மா ஒட்டவில்லை. புஹோமாவிலிருந்து ருஷாகாவுக்கு வண்டியில் போக வேண்டுமானால் முதலில் கிழக்கே ருஹிஜா வரை மலைச்சாலையில் ஏறி, அதன் பிறகு தெற்கே சுற்றி இறங்க வேண்டும். தரை காய்ந்திருக்கும் நாளிலேயே மூன்று, நான்கு மணி நேரம் பிடிக்கும். மே மாதச் சேற்றில் எவ்வளவு ஆகும் என்பது அன்றைய மழையைப் பொறுத்தது. காலை ஏழரை மணி சுமாருக்கு நீங்கள் கடவுச்சீட்டோடு ருஷாகா அலுவலகத்தில் நிற்க வேண்டும் என்றால் நள்ளிரவு தாண்டியவுடன் கிளம்ப வேண்டியிருக்கும், அந்தச் சாலையில் இரவில் வண்டி ஓட்டுவதை எந்த உள்ளூர் ஓட்டுநரும் விரும்பமாட்டார்.

மலைக்கோட்டைவாசி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் சீட்டைப் புஹோமாவுக்கு மாற்றிக்கொள்வது நல்லதா, விடுதியை மாற்றுவது நல்லதா? காட்டின் குறுக்கே நடைபாதை இருப்பதாகவும் ஓரிடத்தில் படித்தேன்.

கம்பாலாவில் ஆறாண்டு:
விடுதியை மாற்றுங்கள். சீட்டு மாற்றம் என்பது உகாண்டா வனவிலங்கு ஆணையத்தின் இசைவையும் அன்றைய தேதியில் புஹோமாவில் மூன்று இடங்கள் ஒருசேரக் காலியாக இருப்பதையும் சார்ந்தது. விடுதியோ பணம் கொடுத்தால் கிடைக்கும். நடைபாதை பற்றி நீங்கள் படித்தது உண்மைதான், ஆனால் அது புஹோமாவையும் ந்குரிங்கோவையும் இணைப்பது. வழிகாட்டியோடு பகலில் பல மணி நேரம் நடக்கும் அந்தப் பாதை அருமையானது என்றாலும், உங்கள் சிக்கலுக்கு அது மருந்தாகாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் பயணத்தை இப்படித் திருப்பிப் போடுவேன். எண்டெபேயில் இறங்கி அன்றிரவு அங்கேயே ஓய்வெடுங்கள். மறுநாள் விடியலில் கிளம்பி மசாக்கா, ம்பராரா, கபாலே வழியாக ருஷாகாவுக்குப் போங்கள். ஒன்பது, பத்து மணி நேரப் பயணம். வழியில் கயாப்வேயில் நிலநடுக்கோட்டைக் கடப்பீர்கள். அங்கே படம் எடுத்துக்கொள்ளாமல் எந்த இந்தியக் குடும்பமும் தாண்டியதாக நான் பார்த்ததில்லை, அதற்கும் அரைமணி ஒதுக்குங்கள். ருஷாகாவில் இரண்டு இரவுகள் தங்கி, மே 14ஆம் தேதி கொரில்லாக்களைப் பார்த்துவிட்டு, 15ஆம் தேதி பகல் வெளிச்சத்தில் ருஹிஜா வழியாகப் புஹோமாவுக்கு வாருங்கள். ருஹிஜாவுக்கும் புஹோமாவுக்கும் இடையே காடு ஒடுங்கி, ‘கழுத்து’ என்றே அழைக்கப்படும் பகுதியைச் சாலை ஊடறுத்துச் செல்கிறது. கருப்பு வெள்ளைக் கோலோபஸ் குரங்குகளைச் சாலையோர மரங்களிலேயே காண வாய்ப்புண்டு. அதாவது உங்கள் புஹோமா முன்பதிவில் கடைசி இரவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுங்கள். அந்த முகவரிடம் இதற்கு மேல் வழி கேட்க வேண்டாம் என்பது என் தனிப்பட்ட கருத்து.

மழையைப் பொறுத்தவரை, மார்ச் முதல் மே வரை பெருமழைக்காலம் என்பது உண்மைதான், ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலும்தான் ஓரளவு வறண்டிருக்கும். ஆனால் அது மழைக்காடு. வறண்ட மாதத்திலும் நனைவீர்கள். விடுமுறை மே மாதத்தில்தான் என்றால் மே மாதத்திலேயே போங்கள்.

பச்சைப்புறா:
நான் பறவை பார்ப்பவன் என்பதால் ஒரு சொல் சேர்க்கிறேன். ருஹிஜாவைத் தாண்டும்போது அங்கே ஓர் இரவு தங்க முடிந்தால், முபுவிண்டி சதுப்புநிலத்துக்கு இறங்கும் நடையை விட்டுவிடாதீர்கள். உலகில் மிகச் சில இடங்களிலேயே வாழும் பச்சை அகலலகுப் பறவையைத் தேடி அங்கே ஆட்கள் வருகிறார்கள். ஏறி வருவது கடினம். தங்கள் தாயாருக்கு ஏற்றதன்று.

மருத்துவர் அம்மா:
ஐயா, உங்கள் முதல் பதிவைப் படித்ததிலிருந்து என் கவலை விடுதியைப் பற்றியதன்று, உங்கள் தாயாரைப் பற்றியது. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அதைவிட முக்கியமாக, அங்கிருந்து இந்தியா திரும்பும்போது, ஊசி போட்டுப் பத்து நாள் கடந்த சான்று கையில் இல்லையென்றால் விமான நிலையத்திலேயே நிறுத்தி, ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். இந்த ஊசியை எல்லா மருத்துவமனைகளிலும் போடமாட்டார்கள்; அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டுமே கிடைக்கும். சென்னையில் கிண்டி கிங் நிலையம் அவற்றுள் ஒன்று. முன்கூட்டியே நாள் பெற்றுச் செல்லுங்கள். ஒருமுறை போட்டால் சான்று ஆயுள் முழுவதும் செல்லும்.

ஆனால் இது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது அரிதாகக் கடுமையான பின்விளைவுகள் ஏற்படும் வாய்ப்பு இளையவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும், நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களும் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆகவே தாயாரை அவருடைய நோய்க் குறிப்புகள், மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றோடு மருத்துவரிடம் அழைத்துச் சென்று, போடலாமா என்று முதலில் தீர்மானியுங்கள். மருத்துவக் காரணத்தால் விலக்குச் சான்று பெறலாம் என்று சிலர் சொல்வார்கள். அதை ஏற்பதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அதிகாரிகளின் முடிவு என்பதால் அதை நம்பிப் பயணம் வகுக்காதீர்கள். மலேரியா தடுப்பு மாத்திரையையும் அதே மருத்துவரிடம் கேளுங்கள். திரும்பி வந்த பிறகும் அதைத் தொடர வேண்டும் என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

மலைக்கோட்டைவாசி:
அம்மா, இதை நான் யோசிக்கவே இல்லை. இந்த வாரமே மருத்துவரைப் பார்க்கிறோம். என் தாயாரால் அந்தக் காட்டில் நடக்க முடியுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கம்பாலாவில் ஆறாண்டு:
எவ்வளவு நடக்க வேண்டும் என்பதைக் கொரில்லாக்கள்தான் முடிவு செய்கின்றன. முந்தைய இரவு அவை படுத்த இடத்திலிருந்து தடம் பார்ப்போர் விடியலிலேயே தேடத் தொடங்கி, வழிகாட்டிகளுக்குத் தகவல் தருவார்கள். சில நாள் ஒரு மணி நேரத்தில் கண்டுவிடலாம். சில நாள் அரைப்பொழுதும் ஏறி இறங்க வேண்டும். காலையில் குழு பிரிப்பதற்கு முன்பே தாயாரின் வயதைச் சொல்லி, அருகில் இருக்கும் குடும்பத்தை ஒதுக்கித் தருமாறு பணிவாகக் கேளுங்கள். நான்கு இடங்களிலும் ருஷாகாவில்தான் குடும்பங்கள் அதிகம் என்பதால் அந்த வேண்டுகோள் பலிக்க அங்கே வாய்ப்பும் அதிகம். பார்க்கப்போனால் முகவரின் கவனக்குறைவு உங்களுக்கு நன்மையாகவே முடிந்திருக்கிறது. ஆளுக்கொரு சுமையாளைக் கட்டாயம் அமர்த்துங்கள். பை தூக்குவதைவிடச் சறுக்கலில் கை கொடுத்து இழுப்பதுதான் அவர்கள் செய்யும் பெரிய உதவி. நடக்கவே முடியாதவர்களைத் தூக்குநாற்காலியில் பலர் மாறி மாறிச் சுமந்து செல்வதும் உண்டு, அதற்கு ‘ஹெலிகாப்டர்’ என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதற்குத் தனிக் கட்டணம் என்பதால் முந்தைய நாளே பேசி வையுங்கள்.

மற்றொன்று. அன்றைய தினம் யாருக்காவது சளியோ இருமலோ இருந்தால் உண்மையைச் சொல்லி விலகிவிடுங்கள். நமக்குச் சாதாரணமான சளி கொரில்லாவுக்கு உயிர்க்கொல்லி ஆகலாம். 2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு முடிவுகளின்படி புவிண்டியிலும் அதை ஒட்டிய சரம்ப்வேயிலும் இருந்தவை 459தான். முகக்கவசம், பத்து மீட்டர் இடைவெளி, ஒரு மணி நேர வரம்பு எல்லாம் அதற்காகத்தான்.

பச்சைப்புறா:
புஹோமாவில் கிடைக்கும் பொழுதில் பட்வா பழங்குடி மக்களோடு நடக்கும் நடைக்குப் போங்கள். 1991இல் இது தேசியப் பூங்காவானபோது இந்தக் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் அவர்கள். காட்சிப்பொருளைப் போல நடத்தும் ஏற்பாடுகளும் உண்டு என்பதால், கட்டணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

மலைக்கோட்டைவாசி:
அனைவருக்கும் நன்றி. ருஷாகாவில் இரண்டு இரவுகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. புஹோமா விடுதியினர் இரண்டு இரவுகளில் ஒன்றுக்கான தொகையை மட்டும் திருப்பித் தர ஒப்புக்கொண்டனர். மருத்துவர் தாயாரைப் பரிசோதித்து, ஊசி போட்டுக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மார்ச் மாதமே மூவரும் கிண்டிக்குச் செல்கிறோம். தாயார் இப்போதே தினமும் காலையில் மலைக்கோட்டைப் படிகளை ஏறத் தொடங்கிவிட்டார்.

கம்பாலாவில் ஆறாண்டு:
நல்லது. கோயில் படி என்பதால் அவர் வெறுங்காலோடு ஏறிக்கொண்டிருப்பார். காட்டுக்கு வாங்கும் காலணியை இப்போதே வாங்கி, காவிரிக் கரையில் ஈரமண்ணாகப் பார்த்து ஒரு மாதமாவது நடக்கச் சொல்லுங்கள். எறும்பு ஏறாமல் கால்சட்டை நுனியைச் செருகிக்கொள்ள நீளமான காலுறையும், முட்செடிகளைப் பற்றிக்கொள்ளத் தோட்டவேலைக் கையுறையும் மூன்று பேருக்கும் வாங்குங்கள்.