'அம்மாச்சி வீடு' குழு: நிவேதா வாங்கின டாரட் கட்டு

சனி, மாலை 6:10

நிவேதா: [படம்]

நிவேதா: டாரட் கட்டு வந்துடுச்சு, படம் பாத்துக் குறி சொல்வாங்களே, அந்தச் சீட்டு. 78 சீட்டு, ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்துட்டேன். யமுனாக்கா, எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்? கூட வந்த சின்னப் புத்தகத்துல சீட்டுக்கு ரெண்டு வரிதான் போட்டிருக்கு.

அம்மா: இதெல்லாம் எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டு வர்ற. திருப்பி அனுப்பிடு.

ராஜேந்திரன் மாமா: நம்ம ரம்மி கட்டு மாதிரி ராஜா ராணியெல்லாம் தெரியுதே?

யமுனாக்கா: மாமா, சரியா பாத்திருக்கீங்க. இது பொறந்ததே விளையாடத்தான். 1400-கள்ல வட இத்தாலியில ஏற்கெனவே இருந்த சீட்டுக்கட்டோட படம் போட்ட 22 சீட்டைச் சேத்தாங்க, மத்த சீட்டையெல்லாம் வெட்டுறதுக்கு. அதாவது துருப்பு. அதுக்கு அங்க 'ட்ரியோன்ஃபி'ன்னு பேரு. நாம சொல்ற 'துருப்பு'ங்கிற வார்த்தையோட வேரும் அங்கதான் போகுது.

ராஜேந்திரன் மாமா: அடேயப்பா. முப்பது வருஷமா 304 சீட்டாட்டம் ஆடுறேன், "துருப்பு என்ன"ன்னு கேக்காத நாள் இல்ல. இது தெரியாம இருந்திருக்கேன்.

யமுனாக்கா: இன்னொண்ணு கேளுங்க. டாரட்ல மிச்சம் 56 சீட்டு நாலு ஜாதி. கோல், கோப்பை, வாள், காசு. நம்ம கட்டுல கிளாவர், ஆட்டின், இஸ்பேட், டைமன் இருக்குற இடம். இத்தாலியில வாளுக்கு 'ஸ்பாதா', அதான் நம்ம இஸ்பேட். ஜாக்கி, ராணி, ராஜாவோட குதிரைவீரன்னு ஒரு சீட்டு அதிகம். அதனால 13-க்குப் பதிலா 14. நாலு பதினாலு 56. அதோட 22.

ராஜேந்திரன் மாமா: 78. கணக்கு சரி.

கார்த்தி: மதினி, யூடியூப்ல எகிப்து கோயில்லேர்ந்து வந்த ரகசியம்ங்கிறாங்களே?

யமுனாக்கா: அது 1781-ல பாரிஸ்ல கூர் த ஜெபலான்னு ஒருத்தர் எழுதினது. அவர் எழுதினப்ப எகிப்து சித்திர எழுத்தை வாசிக்கவே யாருக்கும் தெரியாது. ஷாம்போலியோன் அதை வாசிச்சுக் காட்டினது 1822-ல. அப்புறமும் டாரட்டைப் பத்தி ஒரு வரிகூட அங்க கிடைக்கலை. ஆனா அந்தக் கதைக்கு அப்புறம்தான் குறி சொல்ற பழக்கம் பரவுச்சு. மிலான் பிரபுக்களுக்காகத் தங்கம் ஒட்டிக் கையால வரைஞ்ச கட்டு, 1450 வாக்குல செஞ்சது, அதுல பல சீட்டு நியூயார்க் மார்கன் நூலகத்துல இன்னும் இருக்கு. பிரான்ஸ்ல இன்னைக்கும் டாரட்டை ஆட்டமா ஆடுறாங்க.

நிவேதா: அக்கா, என்கிட்ட இருக்குறது ரைடர் வெய்ட்டுன்னு போட்டிருக்கு.

யமுனாக்கா: அதுல மூணாவதா ஒரு பேரு இருக்கணும். ஏதாவது ஒரு சீட்டை எடுத்து மூலையில பாரு. கொடி சுத்தின மாதிரி ஒரு கிறுக்கல் தெரியும்.

நிவேதா: [படம்]

நிவேதா: இதுவா? பாம்பு மாதிரி இருக்கு.

யமுனாக்கா: அதேதான். பமீலா கோல்மன் ஸ்மித். அவங்க கையெழுத்து அது. 1909-ல லண்டன்ல இந்த 78 படத்தையும் வரைஞ்சது அவங்கதான். ரைடர்ங்கிறது பதிப்பகம், வெய்ட்ங்கிறவர் எப்படி இருக்கணும்னு சொன்னவர். அதுக்கு முன்னாடி பெரும்பாலான கட்டுல 'கோப்பை அஞ்சு'ன்னா அஞ்சு கோப்பை மட்டும்தான் இருக்கும். சின்னச் சீட்டு ஒவ்வொண்ணுலயும் மனுஷங்களை, வானத்தை, ஆத்தைப் போட்டு ஒரு சம்பவமா ஆக்கினது பமீலா. முடிச்சதும் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினாங்க, பெரிய வேலை ஒண்ணை ரொம்பக் குறைஞ்ச காசுக்கு முடிச்சேன்னு. 1951-ல கார்ன்வால்ல இறந்தப்ப கையில காசு இல்லை. இன்னைக்கு உலகம் பூரா ஆரம்பிக்கிறவங்க வாங்குறது அவங்க படத்தைத்தான். நான் வகுப்புல பிள்ளைங்களுக்குப் படம் சொல்லிக்கொடுக்குறவ, எனக்கு இது மனசு ஆறவே ஆறாது. அவங்க பேரைச் சொல்லாம இந்தக் கட்டை எடுக்க மாட்டேன்.

நிவேதா: இனி நானும் சொல்றேன் அக்கா.

யமுனாக்கா: சரி, இப்ப கலைச்சு ஒண்ணு எடு. புத்தகத்தைத் தொடாத. என்ன தெரியுதுன்னு மட்டும் சொல்லு.

நிவேதா: காசு எட்டு. ஒரு பையன் பெஞ்சுல உக்காந்து சுத்தியலால காசுல நட்சத்திரம் செதுக்குறான். முடிச்சதெல்லாம் கம்பத்துல மாட்டியிருக்கான். ஊரு தூரத்துல இருக்கு.

யமுனாக்கா: இன்னும் பாரு. அவன் எங்க பாக்குறான்?

நிவேதா: கையில இருக்குறதை மட்டும். ஊருப் பக்கம் திரும்பலை. மாட்டி வெச்சதையும் பாக்கலை.

யமுனாக்கா: உனக்கு என்ன ஞாபகம் வருது?

நிவேதா: நான் ஒரு வேலை முடிச்ச உடனே மேனேஜர் பாத்தாரா பாத்தாரான்னு மெயிலைத் திறந்து திறந்து பாக்குறது.

யமுனாக்கா: இதுதான் வாசிப்பு. ஒரு நோட்டுல தேதி போட்டு இந்த மூணு வரியை எழுது. எழுதின அப்புறம் புத்தகத்தைத் திற. ஒரு நாளைக்கு ஒரு சீட்டு, ரெண்டரை மாசத்துக்கு அதை மட்டும் செய். தலைகீழா வந்தா நேரா திருப்பி வெச்சுக்கோ, அதுக்கு அர்த்தம் இப்ப வேண்டாம். பத்துச் சீட்டு வைக்கிற 'கெல்ட்டிக் சிலுவை' எல்லா புத்தகத்துலயும் வரும். அதுக்கு இன்னும் நாள் இருக்கு. மூணு சீட்டு வரிசையா வெச்சு ஒரே கதையா சொல்லத் தெரிஞ்சா போதும்.

கார்த்தி: மதினி, மனசுல பட்டதைத் தெளிவா கேக்குறேன். அந்தச் சீட்டு வந்தது தற்செயல்தானே? வேற சீட்டு வந்திருந்தா வேற எதையோ சொல்லியிருப்பா.

யமுனாக்கா: தற்செயல்தான் கார்த்தி. சீட்டுக்கு நாளைக்கு நடக்கப்போறது தெரியும்னு நான் நம்பலை, யார்கிட்டயும் சொன்னதும் இல்லை. ஆனா அந்த மெயில் விஷயத்தை நிவே இத்தனை நாளா யார்கிட்டயும் சொல்லலை. ஒரு படம் முன்னாடி இருந்ததால வாய்க்கு வந்துச்சு. எனக்கு அது போதும்.

இரவு 7:35

நிவேதா: [படம்]

நிவேதா: 22 பெரிய சீட்டையும் தரையில வரிசையா வெச்சுட்டேன். 0 முட்டாள்லேர்ந்து 21 உலகம் வரைக்கும்.

அம்மா: அந்தக் கீழ் வரிசையில இடி விழுற கோபுரம். அது என்ன?

நிவேதா: 16-வது சீட்டும்மா. கோபுரம்.

அம்மா: இதே படம்தான்.

நிவேதா: எந்தப் படம்மா?

அம்மா: போன ஐப்பசியில உனக்குப் பேசின இடம் நின்னு போச்சுல்ல. அப்ப போன்ல பாத்துச் சொல்றவங்ககிட்ட கேட்டேன். 1,500 கட்டினேன். வீடியோல சீட்டைத் திருப்பி இந்தப் படத்தைக் காட்டினாங்க. வீட்டுல இடி விழப்போகுது, பொண்ணுக்குத் தடை இருக்குன்னாங்க. பரிகாரத்துக்கு 11,000 கேட்டாங்க. மகளிர் குழுவுல வாங்கின கடன்லேர்ந்து குடுத்தேன். மறுபடியும் கேட்டப்பதான் போனை எடுக்கிறதை நிறுத்தினேன். உங்கப்பாவுக்குத் தெரியாது.

நிவேதா: அம்மா. ஏம்மா என்கிட்ட சொல்லலை.

அம்மா: உன்னை நினைச்சுத்தான்.

ராஜேந்திரன் மாமா: மீனா, அழாத. அண்ணன் இருக்கேன்.

யமுனாக்கா: சித்தி, அந்தப் படத்தை நாம சேர்ந்து ஒரு தடவை பாப்போம். பாறை மேல ஒரு கோபுரம். மின்னல் பட்டு உச்சியில இருந்த கிரீடம் கழண்டு விழுது. ரெண்டு பேரு கீழே விழுறாங்க. அவ்வளவுதான் பமீலா வரைஞ்சது. பொண்ணுக்குத் தடைன்னு எதுவும் இல்லை. பரிகாரம்னு ஒண்ணு 78 சீட்டுலயும் கிடையாது. பயமுறுத்திட்டு அப்புறம் காசு கேட்டா அது டாரட் இல்லை சித்தி, பறிக்கிறது. நிவே, நீயும் மனசுல வெச்சுக்கோ. யாருக்காவது சீட்டு எடுத்தா உடம்பு, சாவு, கோர்ட்டு கேஸ் இந்த மூணையும் தொடாத. மருத்துவரும் வக்கீலும் சொல்ல வேண்டியது அது. அங்க இல்லாத ஒருத்தர் மனசுல என்ன இருக்குன்னும் பாக்காத.

கார்த்தி: அத்தை, பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட் இருக்கா? 1930-ன்னு சைபர் குற்ற உதவி எண் இருக்கு. நாளைக்குக் காலையில நான் வந்து கூட இருந்து பேசுறேன். அந்த நம்பரோட சாட்டை மட்டும் அழிச்சுடாதீங்க.

அம்மா: இருக்குப்பா. வா.

அம்மா: யமுனா, உங்க சித்தப்பா என்னைத் திட்டுவாரான்னு ஒரு சீட்டு எடுத்துப் பாரேன்.

யமுனாக்கா: சித்தி, 'திட்டுவாரா'ன்னு கேட்டா சீட்டுக்குப் பதில் தெரியாது. 'அவர்கிட்ட எப்படிச் சொல்றது'ன்னு கேளுங்க. நிவேவை எடுக்கச் சொல்லுங்க, அவ உங்க பக்கத்துலதானே இருக்கா.

இரவு 8:05

நிவேதா: [படம்]

நிவேதா: 8. வலிமை. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பொண்ணு, சிங்கத்தோட வாயில கை வெச்சிருக்கா. இடுப்புல பூச்சரம். தலைக்கு மேல படுக்கப் போட்ட எட்டு.

அம்மா: சிங்கமா. சரியாத்தான் வந்திருக்கு.

அம்மாச்சி: [குரல் பதிவு, 0:52]

கார்த்தி: அம்மாச்சி சொன்னதை அப்படியே எழுதுறேன், அத்தைக்கு அழுகையில சரியா கேக்காது:

"எம் பேத்தி போட்ட படத்தைக் கார்த்தி பெருசாக்கிக் காட்டுனான். அந்தப் புள்ள கையைப் பாருங்க. அழுத்தலை. நகமும் படலை. மாட்டுக்கு மூங்கில் குழாயில மருந்து ஊத்துறப்ப நான் இப்படித்தான் தாடையைப் பிடிப்பேன். பிடிச்சு அமுக்கினா மாடு தலையைச் சிலுப்பி மருந்து பூராவும் கொட்டிப்போவும். கழுத்தைத் தடவிக்கிட்டு, பேசிக்கிட்டே, தானா வாயைத் தொறக்குற வரைக்கும் கையை அங்கனயே வெச்சிருக்கணும். சிங்கத்துக்கு வாலு தொங்கிப்போய் கெடக்கு பாரு, அதுவும் பயந்துதான் இருக்கு. மீனா, மாப்பிள்ளை சாப்புட்ட அப்புறம் சொல்லு. சொல்லிட்டு நீ பாட்டுக்கு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிடாத. பக்கத்துலயே உக்காந்திரு."

யமுனாக்கா: அம்மாச்சி, ஒன்பது வருஷமா இந்தச் சீட்டை வெச்சிருக்கேன். அந்த வாலை நான் பாக்கவே இல்லை. நிவே, உன் நோட்டுல இன்னைக்குத் தேதியில இதையும் எழுதிக்கோ, அம்மாச்சி பேரு போட்டு.

நிவேதா: எழுதிட்டேன் அக்கா.

அம்மா: அவர் தட்டைக் கழுவி வெச்சுட்டு முத்தத்துல வந்து உக்காந்துட்டார். போனை வைக்கிறேன்.