வினையடை (செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் சொல்) சொல்லிக்கொடுத்த கதை, உங்களுக்கு எப்படி?

தண்டையார்பேட்டை, டியூஷன் எடுக்கிறேன்:

‘ஆக என்று முடிந்தால் வினையடை’ என்று மனப்பாடம் செய்துகொண்டுதான் எல்லாப் பிள்ளைகளும் வருகிறார்கள். பாதி சரி, மீதியில்தான் மார்க் போகிறது. ‘அம்மாவுக்காக மீன் வாங்கினான்’ என்று கொடுத்தால் ‘அம்மாவுக்காக’ என்பதில் கோடு போடுவார்கள், ‘மெல்ல நடந்தாள்’, ‘சட்டென்று திரும்பினான்’ இரண்டையும் தொடவே மாட்டார்கள். அதனால் ‘ஆக’ போல் சொல்லின் கடைசியில் வரும் விகுதியை அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, முதலில் வினையைப் பிடி, அதைப் பார்த்து ‘எப்படி?’ என்று கேள் என்றுதான் தொடங்குகிறேன். ‘அம்மாவுக்காக’ என்பது யாருக்காக என்ற கேள்விக்குத்தானே பதில், அது தானாகவே கழன்றுவிடும்.

புத்தக வாக்கியம் கொடுத்தால் தூங்கி வழிகிற பசங்க, காசிமேடு மீன் துறைமுகத்தைப் பற்றிக் கேட்டால் விடமாட்டார்கள். ஏலம் எப்படிச் சொன்னார்? ‘கடகடன்னு, மிஸ்.’ ஐஸை எப்படிக் கொட்டினாங்க? ‘சடசடன்னு.’ ஆயா எறா (இறால்) எப்படி உரிச்சாங்க? ‘பொறுமையா.’ அவர்கள் சொன்னதையே போர்டில் கடகடவென்று, சடசடவென்று, பொறுமையாக என்று எழுதினால் போதும், இலக்கணம் பாதி முடிந்தது.

வியாசர்பாடி, நாலாவது படிக்கிற பெண்ணின் அப்பா:

எங்க வீட்டில் வேறு மாதிரி தகராறு. ‘அவனா, இவளா’ என்று வினா எழுத்துப் பாடம் நடந்த அதே வாரம் வினையடைப் பாடமும் நடந்திருக்கிறது. ‘வண்டி வேகமா? போச்சு’ என்று நடுவில் கேள்விக்குறி போட்டுவிட்டு, ஆ வந்தால் கேள்விதானேப்பா என்று என்னையே மடக்குகிறாள். பேச்சில் நாம் ‘ஆக’வை ‘ஆ’ என்று முழுங்குவதால் வந்த வினை. ‘க’ சேர்த்துப் பார் என்றேன். ‘வண்டி வேகமாகப் போச்சு’ சரியாக நிற்கிறது. ‘அவனா வந்தான்?’ என்பதில் சேர்த்தால் கேள்வியே காணாமல் போகிறது. இப்போது தெருவில் போகிறவர்கள் பேசுவதற்கெல்லாம் ‘க’ சேர்த்துக்கொண்டு திரிகிறாள், அது தனித் தொல்லை.

ராயபுரம், ஓய்வு பெற்ற தமிழாசிரியை:

இரண்டும் நல்ல வழி. ஆனால் அந்த ‘எப்படி’யில் ஒரு ஓட்டை இருக்கிறது தம்பி தங்கைகளா. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருப்பதைப் பற்றி எழுதச் சொன்னபோது ஒரு பையன் ‘அண்ணன் குனிந்து போனார்’ என்று எழுதிவிட்டு, குனிந்து என்பது வினையடை என்று அடித்துச் சொன்னான். எப்படிப் போனார் என்றால் குனிந்துதானே! அங்கே இன்னொரு கேள்வி வேண்டும்: அந்தச் சொல்லே ஒரு செயலா? குனிந்தார், போனார் என்று பிரிக்க முடிந்தால் அது வினையெச்சம், அதாவது முடியாமல் நின்று இன்னொரு வினையைத் தேடும் வினைச்சொல். மெதுவாக என்பதை அப்படிப் பிரிக்க முடியாது. பெரிய இலக்கணத்தில் இதற்கும் விவாதம் உண்டு, பள்ளிக்கு இது போதும்.

அப்புறம் ஒற்று, இரண்டு சொல்லுக்கு நடுவில் வரும் க், ச், த், ப். ஆக என்பதற்குப் பின் வல்லினம் வந்தால் மிகும், ‘வேகமாகப் போனான்’. என்று என்பதற்குப் பின் மிகாது, ‘சட்டென்று போனான்’. இதை விதியாகச் சொல்லாமல் வாய்விட்டுப் படிக்க வைத்தேன், காது பழகிவிடும். ‘அழகாகப் பாடினாள்’ என்பதை ‘அழகான பாடினாள்’ என்று எழுதுகிற பிள்ளைக்கும் அதே மருந்துதான்.

ஒன்று மட்டும் கவனம்: வினையடை பிடிபட்டதும் வரிக்கு வரி போடுவார்கள், ‘வேகமாக ஓடினான், சத்தமாகக் கத்தினான்’ என்று. ஓடினான் என்றாலே வேகம்தானே, அடித்துவிடச் சொல்லுங்கள்.