தூண்டில் முள்ளில் சிக்கி வந்த பவளம்

குளிர்க்கடல் பவளத்தை நான் கடலுக்குள் இறங்கிப் பார்த்தவன் இல்லை, மீன் வெட்டும் மேசையில்தான் பார்த்தேன். 1994 மார்கழி, வட நோர்வேயில் லொஃபோத்தன் தீவுகள் பக்கம் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கனபேர் இந்த வேலைக்குத்தான் வடக்கே போனோம். நீளக் கயிற்றில் நூற்றுக்கணக்கான தூண்டில் முள் கட்டி ஆழத்தில் பிடிக்கிற படகு ஒன்று வந்தது. 'ஊயர்' என்று அவர்கள் சொல்லும் பெரிய கண் சிவப்பு மீன். பெட்டியை மேசையில் கொட்டும்போது மீனோடு வெள்ளையாக ஏதோ விழுந்தது, எடுத்துப் பார்த்தால் பவளம்! கிளைகள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒவ்வொரு நுனியிலும் சுண்டுவிரல் நகம் அளவில் ஒரு கிண்ணம். முருகைக்கல்லில், அதாவது பவளக் கல்லில், மதில் கட்டிய வீட்டில் பிறந்தவன் நான், பவளம் என்றால் வெயில் விழும் இளஞ்சூட்டுக் கடல் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே நடுப்பகலிலும் சூரியன் எழும்பாத மாதம்.

அறைக்குக் கொண்டுபோய்க் கழுவினேன். உள்ளே காகிதம் போல ஒரு குழாய், அதற்குள்ளிருந்து சிவந்த புழு ஒன்று நெளிந்து வந்தது. அருவருப்பில் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். கூட வேலை செய்த ஒரு கிழவர்தான் சொன்னார், இது கீழே காடு மாதிரி நிற்குமாம், மீனும் அங்கேதான் நிற்குமாம், கடலடியில் வலையை இழுத்துப் போகும் இழுவைமடிப் படகுகள் வந்த பிறகு சில இடங்களில் தூண்டில் போட்டால் ஒன்றும் வருவதில்லையாம்.

*

அண்ணா, அந்தப் புழுவும் பவளமும் சேர்ந்து வாழ்பவை. புழுவின் குழாய் மேல் பவளம் சுண்ணாம்பு பூசி மூடிவிடும், புழு உடைந்த துண்டுகளை இழுத்துப் பக்கத்தில் சேர்க்கும், இப்படித்தான் கிளைகள் ஒட்டி உறுதியாகின்றன. பவளத்தின் இரையில் கொஞ்சத்தை அது திருடுவதும் உண்டு.

நான் நாகப்பட்டினத்துக்காரன், நோர்வே கடலில் குழாய் பதிப்பதற்கு முன் தரையைப் பார்க்கும் கப்பலில் வேலை செய்தேன். கேபிளில் கட்டி இறக்கும் ஆளில்லா வாகனத்தைத் திரை பார்த்து ஓட்ட வேண்டும். 300 மீட்டர் ஆழம், எங்கள் விளக்கு படும் இடம் தவிர எல்லாம் இருட்டு. முதலில் வெறும் சேறு, அப்புறம் உடைந்த வெள்ளைத் துண்டுகள், அவற்றின் நடுவே நேர்கோடாக ஒரு பள்ளம், கொஞ்சம் தள்ளி அதற்கு இணையாக இன்னொன்று. இழுவைமடியின் இரும்புப் பலகைகள் உழுத தடம். துண்டுகளுக்கு மேலே ஒற்றை ஊயர் மீன் அசையாமல் நின்றது. யாரும் பேசவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு மேட்டில் ஏறினோம், அங்கே எல்லாம் உயிரோடு இருந்தது! வெள்ளையும் வெளிர் ஆரஞ்சுமாகக் கிளைகள், கிண்ணத்துக்குக் கிண்ணம் விரிந்த கைகள், சூரியனை நம்பாமல் நீரோட்டம் கொண்டுவரும் சின்னஞ்சிறு உயிரிகளைப் பிடித்துத் தின்கின்றன. 'கடல் மரம்' என்று அவர்கள் சொல்லும் சிவப்புப் பவளம் ஆள் உயரத்துக்கு நின்றது.

ரோஸ்ட் தீவுக்கு மேற்கே 2002-இல் கண்டுபிடித்த பவளத் திட்டு சுமார் 35 கிலோமீட்டர் நீளம். மறு ஆண்டே அங்கே இழுவைமடியைத் தடை செய்தார்கள். அதற்கு முன்பே, 1999-இல், பவளத்தை வேண்டுமென்றே அழிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடு அது. ஆனால் அதற்குள் நோர்வேயின் ஆழ்கடல் பவளத்தில் 30 முதல் 50 சதவீதம் சேதமாகியிருக்கும் என்பது அவர்களுடைய விஞ்ஞானிகளின் கணக்கு. இன்னொரு பயமும் இருக்கிறது. கரியமில வாயு கரைந்து கடல்நீர் அமிலப்பக்கம் சாயச் சாய, மேலே உயிருள்ள பவளம் தாக்குப்பிடித்தாலும் அதைத் தாங்கி நிற்கும் செத்த எலும்புக்கூடு முதலில் கரையும், அப்புறம் திட்டே சரிந்துவிடும்.

எங்கள் ஊர் இழுவைமடிப் படகுகள் உங்கள் கடலில் செய்வதும் இதே உழவுதான் அண்ணா. அந்தத் தடத்தைத் திரையில் பார்த்தபோது எனக்கு முதலில் அதுதான் நினைவுக்கு வந்தது.

*

நன்றி தம்பி. அந்தத் துண்டு இன்னும் என் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. உங்கள் பதிலைப் படித்துவிட்டு எடுத்து அளந்தேன், நீளமான கிளை 18 சென்டிமீட்டர். இந்தப் பவளம் ஆண்டுக்கு அரையிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரைதான் வளருமாம். ஒரு சென்டிமீட்டர் என்று வைத்தாலும், நான் ஊரில் அரிச்சுவடி படித்த நாளிலிருந்து அது அங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது.